எழுநூற்று முப்பத்தொரு வெற்று வரிகள்

மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் ஹெப்சிபாவுக்கு முதலில் தோன்றியது, போச்சு, எல்லாம் போச்சு என்பதுதான். கறுப்புத் திரையின் இடது ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரி எண்கள் மட்டும் பச்சையாக இறங்கிக்கொண்டே போயின. எண்ணுக்கு எதிரே ஓர் எழுத்து கிடையாது. ஒரு பக்கம் தள்ளினாள். இல்லை. இன்னொரு பக்கம் தள்ளினாள். இல்லை. நூறு போய், இருநூறு போய், ஐந்நூறும் போனது. ஏழு மாதமாக ஒருத்தர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியதை இப்படியா வழித்துத் துடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டே இன்னும் தள்ளியபோது, எழுநூற்று முப்பத்திரண்டாவது வரியில் 'அங்க' என்று ஒரு சொல் தலைகாட்டியது. அடுத்த வரியிலும் 'அங்க'. அதற்கடுத்தும் அதே. பதினேழு 'அங்க' முடிந்தபிறகு 'அம்மா' ஆரம்பித்தது, அம்மா முடிந்து 'ஆமா', ஆமா முடிந்து 'இங்க'. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எதுவும் போகவில்லை, இரண்டாயிரத்துச் சொச்சம் வரியும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அகர வரிசையில் அடுக்கி நிற்கின்றன, அவ்வளவுதான். அகர வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஒன்றுமில்லாததுதானே, அதனால் வெற்று வரிகள் எழுநூற்று முப்பத்தொன்றும் மொத்தமாக வந்து முன்வாசலை அடைத்துக்கொண்டன.

மணி மூன்று முப்பத்தைந்து. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. படியேறி வந்தால் ஒரு கூடம், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் நாக்கும் தொண்டையும் வரைந்த ஒரு படம், அதைத் தாண்டி ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஷமீமாவும் ஹெப்சிபாவின் கணவர் அருள்சிங்கும். நான்கு மணிக்குக் கதவு திறக்கும், திறந்தால் முடிவு தெரிந்துவிடும். பேச்சுப் பயிற்சி தொடருமா, இல்லை, இது போதும் என்று நிறுத்திவிட்டுக் கையில் ஒரு படப்பலகையைக் கொடுத்துவிடுவார்களா. தண்ணீர் வேண்டுமானால் தம்ளரைத் தொட வேண்டும், தலை வலித்தால் தலையைத் தொட வேண்டும், அந்த மாதிரிப் பலகை. ஷமீமா நல்ல பிள்ளை, பூசி மெழுகத் தெரியாது. ரெண்டு மாசமா முன்னேற்றம் இருக்கான்னு பாக்கணும்க்கா என்று போன வாரமே சொல்லிவிட்டாள். வீட்டில் சார் பேசுவதையெல்லாம் எழுதுகிறீர்களே, அந்தக் கோப்பைக் கொண்டுவாருங்கள், எந்த வார்த்தை எதற்குப் பிறகு வந்தது என்று வரிசையாகப் பார்ப்போம், அதில் தானாக வந்ததையும் தேடி எடுத்ததையும் தனித்தனியாகப் பிரித்துக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது, முன்னேற்றம் இருந்தால் புதன்கிழமை வருவதை விட வேண்டாம் என்றாள். புதன்கிழமை. அந்த வீட்டில் ஏழு மாதமாக மற்ற ஆறு நாளும் விடிவதே புதன்கிழமைக்காகத்தான். அதை யாரோ பிடுங்கிக்கொண்டால் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அருள்சிங் பி.டி. மாஸ்டர். இருபத்திரண்டு வருடம் மைதானத்தில் நின்று கத்திய தொண்டை. மைக் இல்லாமல் ஆயிரம் பிள்ளைகளை ஒரே சொல்லில் நிறுத்திவிடுவார். தை மாதத்தில் ஒரு காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாளியோடு சேர்ந்து சரிந்தார். மூளையில் ரத்தக்கட்டு. வலது கை கொஞ்சம் போனது, பேச்சு முழுசும் போனது. கை திரும்பி வந்துவிட்டது. பேச்சு வரவில்லை, வரவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, அதுதான் கூத்து. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் இட்லித் தட்டோடு வந்த நர்ஸைப் பார்த்துக் கணீரென்று, நேராக நில் என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் தட்டோடு நேராகவே நின்றுவிட்டாள், பாவம். அப்புறம் ஒன்று முதல் பத்து வரை தடுக்காமல் சொன்னார், ஞாயிறு முதல் சனி வரை சொன்னார், பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்துவிட்டால் ஆமென் வரைக்கும் ஒரே ஓட்டம். ஆனால் கையில் தம்ளரைக் கொடுத்து இது என்ன என்று கேட்டால் வாய் திறக்கும், கண் தேடும், ஒன்றும் வராது. ஷமீமா அதை விளக்கினாள். பழகிப் பழகி ஊறிப்போனது மூளையில் வேறு இடத்தில் கிடக்கிறது, அது தானாக வரும், அதைப் பேச்சு என்று கணக்கில் எடுக்க மாட்டோம், தேடி எடுக்கிற வார்த்தைதான் பேச்சு. ஹெப்சிபாவுக்கு அது மற்றவர்களைவிடச் சட்டென்று புரிந்தது. அவள் பதினாறு வருடமாக ஒரே எடிட்டரில் கணினி நிரல் எழுதுகிறவள், மவுஸைத் தொடாமல் விரலாலேயே எல்லாம் செய்கிற பழைய எடிட்டர். அதற்குள்ளேயே அதற்கென்று ஒரு சின்ன மொழி இருக்கிறது. அந்த மொழியோடு கூடப்பிறந்த கட்டளைகள் சில நூறு, யாரும் எழுத வேண்டாம், பெயரைச் சொன்னால் வந்து நிற்கும். தேடு என்றால் தேடும், அடுக்கு என்றால் அடுக்கும், எண்ணு என்றால் எண்ணும். மற்றதெல்லாம் நாமே எழுதிக்கொள்ள வேண்டியது, நாம் எழுதியதுதான் அழிந்தும் போகும். அத்தானுக்குக் கூடப்பிறந்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அப்புறம்தான் கோப்பு தொடங்கியது, நர்ஸிடம் சொன்னதையே முதல் வரியாகப் போட்டு. அவர் வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. என்ன வந்ததோ அது. வாயைத் திறந்து ஒன்றும் வராமல் மூடினால் வெறும் எண்டரைத் தட்டுவாள், அதுவும் ஒரு வரிதான், அவர் முயற்சி செய்தாரே. தேதி போடவில்லை, நேரம் போடவில்லை. மைனிகூடக் கேட்டாள், அருள்சிங்கின் அக்கா, தேதி போட மாட்டியாட்டி, பின்னாடி எப்படித் தெரியும் என்று. வரிசைதான் தேதி மைனி, கீழ போகப் போகப் புதுசு, அது போதும் என்று இவள் பெரிய மேதை கணக்காகப் பதில் சொன்னாள். அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஏழே வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள்: கோப்பின் வரிகளையெல்லாம் ஒரு பட்டியலாக எடு, அடுக்கு, எது எத்தனை தடவை வந்தது என்று எண்ணிச் சொல்லு, கையோடு கையாக வரிக் கடைசியில் ஒட்டியிருக்கிற இடைவெளிகளைத் துடைத்துத் திரும்ப எழுதிச் சேமித்துவிடு. ஓட்டினாள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்தது என்றது. எண்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, கோப்பைப் பார்க்கக்கூடச் செய்யாமல் மூடியைச் சாத்தி, அவருக்குச் சட்டை மாட்டிவிட்டு ஆட்டோ பிடித்தாள். அடுக்கு என்கிற கட்டளை நகலை அடுக்காது. கையில் கொடுத்த பட்டியலையே பிடித்து அடுக்கும். முதலில் நகலெடு, பிறகு அந்த நகலை அடுக்கு. இது அவளுக்குத் தெரியாதா? போன வருடம் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதை அவள்தானே சொல்லிக்கொடுத்தாள், எத்தனை பேர் இதில் விழுந்திருக்கிறார்கள் தெரியுமா என்று சிரித்துக்கொண்டே. நகலெடு என்று ஒரு சொல். ஒரு சொல் வாயில் வராமல் போனது அவருக்கு மட்டுமில்லை போலிருக்கிறது.

சன்னலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து மைதானம். விசில் சத்தம் கேட்டது, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வெயிலில் பெண்பிள்ளைகள் வெள்ளைப் பினோஃபாரில் வரிசை வரிசையாகக் கையைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், இங்கிருந்து பார்த்தால் ஒரே கைதான் முந்நூறு தடவை எழுந்து விழுவதுபோல் இருந்தது. விசில் ஊதுகிறவர் யாரென்று தெரியவில்லை, மரம் மறைத்தது. அருள்சிங் விசிலைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே பேசுவார், கல்யாணமான புதிதில் வீட்டுக்கும் அதே மாதிரி கழுத்தில் கயிறோடு வந்து, காப்பி என்பதற்குப் பதில் குட்டையாக இரண்டு ஊதுவார், இவள் உள்ளேயிருந்து, இது என்ன மைதானமா என்று கத்துவாள், காப்பியைக் கொண்டுபோயும் வைப்பாள். விசில் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்தால் ஊதுவாரா? ஊதினால் அதைத் தானாக வந்ததில் சேர்ப்பதா, தேடி எடுத்ததில் சேர்ப்பதா? திரையின் மூலையில் மின்கலம் பதினாலு சதவீதம் என்றது. சார்ஜர் மிக்ஸிக்குப் பக்கத்தில் தொங்குகிறது, வீட்டில். கூடத்தில் இருக்கிற ஒரே பிளக்கில் எப்போதோ கருகிய அடையாளம். பதினாலு என்றால் அரைமணி நேரம் தாங்கும், இந்தக் கிழட்டு மின்கலம் இருபது நிமிடம்தான் தாங்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு விசை இருக்கிறது. யு. செய்ததைச் செய்யாததாக்கும் விசை. எடிட்டரை மூடாமல் வைத்திருக்கும் வரைக்கும் அதற்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தேழு வரியும் எழுந்து தங்கள் தங்கள் இடத்துக்குப் போய் நின்றுவிடும். மின்கலம் தீர்ந்து இயந்திரம் அணைந்தால் அந்த ஞாபகமும் சேர்ந்து அணையும், அகர வரிசைதான் மிச்சம். அப்படியானால் தட்ட வேண்டியதுதானே? விரல் அந்த விசைக்கு மேலேதான் இருக்கிறது. மின்கலம் பதின்மூன்று. தட்டவில்லை. ஏனென்றால் வரிசை வந்தால் ஆனி மாதமும் சேர்ந்து வரும். பங்குனியில் 'தண்ணி' வந்தது, சித்திரையில் 'பால்', 'கரண்ட் போச்சு', வைகாசியில் ஒரே வாரத்தில் ஆறு சொல், மைனி கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். ஆனியில் ஒன்றுமில்லை. ஆடியில் ஒன்றுமில்லை. எண்டர், எண்டர், நேராக நில், இயல்பாக நில், எண்டர். ஷமீமா கீழேயிருந்து இருபது பக்கம் புரட்டினால் போதும். இப்படி அடுக்கிக் கிடக்கும்போது அது தெரியாது. 'தண்ணி' அறுபத்திரண்டு தடவை என்று மட்டும்தான் தெரியும், எப்போது என்று தெரியாது. கோப்பு இப்படி ஆயிட்டு மேடம், கை தவறிட்டு, ஆனா போன வாரம்கூட ரெண்டு புது வார்த்தை சொன்னாவ என்று சொல்லலாம். யார் இல்லையென்று சொல்லுவார்? அவரா சொல்லுவார்? இதை நினைத்தவுடனே உடம்பு ஒரு மாதிரிக் கூசியது. அப்படியானால் நகலெடு என்கிற சொல்லை விட்டது கை தவறியா, இல்லை, உள்ளே ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, விடு விடு என்று கையைப் பிடித்தாளா? பதினாறு வருடத்தில் ஒருநாளும் விடாததை இன்றைக்கு விட்டால் அதற்குப் பெயர் என்ன? அதைக் கண்டுபிடித்துச் சொல்ல எந்தக் கட்டளையும் கூடப்பிறக்கவில்லை.

அவள் கடைசி வரிக்குப் போனாள். கோப்பின் அடிக்குப் போவதற்கு அவளுக்கு யோசனை தேவையில்லை, விரலே போகும். கடைசி வரியில் 'ஸ்கூல்' என்று இருந்தது, அதற்கு மேலே 'வேண்டாம்', வேண்டாம் எண்பது தடவை. எதைத் தேடிப் போனாள் என்று அவளுக்கே தெரியும், தெரியாததுபோல் வைத்துக்கொண்டாள். அகர வரிசையில் எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்க வேண்டிய எழுத்து ஹ. அவர் எப்போதாவது ஒருதடவை, இவள் எழுதிவிட்டு மறந்துபோன ஒருதடவை, ஹெப்சி என்று சொல்லியிருந்தால் அது இங்கேதான் நிற்கும், ஸ்கூலுக்குக் கீழே. நிற்கவில்லை. இருந்தாலும் தேடு என்று சொல்லிப் பார்த்தாள். தேடியது கிடைத்தால் அந்தக் கட்டளை எந்த வரி என்று எண்ணைச் சொல்லும். கிடைக்காவிட்டால் திட்டாது, பிழை என்று சிவப்பாகக் கத்தாது, பூஜ்யம் என்று மட்டும் சொல்லும். பூஜ்யம் என்றது. ஏழு மாதம், பூஜ்யம். அம்மாவைச் சொன்னார், செத்துப்போன அம்மாவை இருபத்தொரு தடவை. பால்காரனை, ஏய் என்றார். கர்த்தரைத் தினமும் சொல்கிறார். பத்தொன்பது வருடமாகக் கூடவே கிடக்கிறவள் பெயர் மட்டும் ஊறவில்லையா, என்ன தொண்டை அது?

அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. வராமல் இருக்க எவ்வளவோ சுற்றிச் சுற்றிப் போனாள், வந்துவிட்டது. ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், கட்டிலில் அவரை உட்காரவைத்து எதிரே முட்டுக்கு முட்டு உட்கார்ந்து, தோளைப் பிடித்து உலுக்கி, என் பேர் என்ன, சொல்லுங்க, என் பேரைச் சொல்லுங்க என்று கத்தியிருக்கிறாள். அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவர் வாயைத் திறந்தார். மூடினார். திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, வராத ஒன்றுக்காக ஒரு மனுசர் கழுத்து அவ்வளவு புடைக்க வேண்டுமா, தெய்வமே. இவள் அதற்கும் பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எண்டர், எண்டர் என்று தட்டினாளே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கடைசியில் ஏதோ டிரில் சொல் ஒன்று சொன்னார், என்ன என்றுகூடக் கவனிக்கவில்லை, கை அதையும் எழுதியது, எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். மறுநாள் ஷமீமாவிடம் நேற்று ஒண்ணுமே வரல என்றாள். ஒன்பது என்றது மின்கலம். வெளியே விசில் நின்றிருந்தது, பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற சத்தம் தூரத்து மழையாகக் கேட்டுத் தேய்ந்தது. கூடத்தில் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருதரம் கடக் என்றது. அவளுக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, தூக்கமில்லை, விழித்துக்கொண்டே அமிழ்வது. விசைக்குக் காத்திரு என்று ஒரு கட்டளை உண்டு, அதைப் போட்டுவிட்டால் எடிட்டர் அப்படியே நிற்கும், ஏதாவது ஒரு விசை அழுந்தும்வரை ஒருமணி நேரமானாலும் ஒரு வருடமானாலும் அலுக்காமல் நிற்கும். அவர் எதிரில் ஏழு மாதம் அப்படித்தான் நின்றிருக்கிறாள். இப்போது அவள் விசையை எடிட்டர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேலே போனாள், சும்மா, வெறுமனே. இங்க, இட்லி, பிறகு 'இயல்பாக நில்'. இயல்பாக நில், இயல்பாக நில், இயல்பாக நில், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொண்ணூற்று நான்கு, விறைத்து நின்ற பிள்ளைகளைத் தளர்ந்து நிற்கச் சொல்லும் அந்த மைதானக் கட்டளை. இதைத்தான் ஷமீமா தள்ளிவிடச் சொல்கிறாள். இப்படிப் பார்த்தால் யார்தான் தள்ள மாட்டார்கள்? அச்சு யந்திரம் பழுதாகி ஒரே வரியை அடித்துத் தள்ளின மாதிரி இருந்தது. இவர் இல்லாத ஒரு பட்டியல்.

அவர் இதிலே எங்கேயும் இல்லை என்று தோன்றியதும் பயம் வேறு பக்கமாகப் புரண்டது. புதன்கிழமை போனால் போகிறது, பலகையை வேண்டுமானால் கழுத்தில் கட்டிவிடட்டும், ஆனால் ஏழு மாதத்தில் அவர் இருந்த ஒரே இடம் அந்த வரிசைதானே. ஏழு. மின்கலம் ஏழு என்றது. இனிமேலும் யோசித்துக்கொண்டிருந்தால் செருப்பால் அடிக்க வேண்டும் என்று தன்னைத்தானே வைதுகொண்டு ஹெப்சிபா யு-வைத் தட்டினாள். திரை ஒரு துடிப்புத் துடித்து வேறானது. முதல் வரியில் 'நேராக நில்' வந்து நின்றது, இட்லித் தட்டு நர்ஸ் வந்து நின்றாள். சேமித்தாள். இன்னொரு தடவை சேமித்தாள். பிறகு நிதானமாக ஆனி மாதத்தைத் தேடிப் போனாள். தேதி இல்லாவிட்டால் என்ன, பக்கத்து வரிகள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயின. 'பால்', 'பால்', ஒரு வெற்று வரி, 'இயல்பாக நில்'. அது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து, துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் இவள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்ட காலை. வாசலில் வந்து நின்று சொன்னார். இன்னும் கீழே 'கரண்ட் போச்சு', 'இயல்பாக நில்'. இருட்டில் மாடிப்படியில் கால் தவறி இவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பொழுது. இன்னும் கீழே, இன்னும் கீழே, எல்லாம் அப்படியில்லை, சும்மா சொன்னதும் நிறைய இருந்தது, காக்காயைப் பார்த்துச் சொன்னது இருந்தது. அப்புறம் அந்தச் சாயங்காலம். ஒரு வெற்று வரி. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஐந்து தடவை அவள் பெயரைத் தேடிப் போய் ஐந்து தடவையும் வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார். ஆறாவது வரியில் எழுதியிருந்தது, அவள் கையே எழுதியது, இயல்பாக நில். தோள் நடுங்க எதிரே உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவளைப் பார்த்து, கையில் இருந்த ஒரே சொல்லை எடுத்துச் சொல்லியிருக்கிறார். அவள்தான் மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

கதவு திறந்தபோது மின்கலம் நான்கு. ஷமீமா முதலில் வந்தாள், பின்னாலேயே அருள்சிங், நெஞ்சோடு சேர்த்துப் படப்பலகையைப் பிடித்துக்கொண்டு. அப்படியானால் முடிவாகிவிட்டது. ஷமீமா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகத்தான் சொன்னாள், இன்றைக்கும் எல்லாப் பயிற்சியும் செய்து பார்த்தேன், பழைய இடத்திலேயேதான் நிற்கிறது, பலகையைச் சார் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார், இரண்டு மாதம் புதன்கிழமையை நிறுத்திவிட்டு இதை வைத்துப் பார்ப்போம் என்று. பிறகு, கேட்டதைக் கொண்டுவந்தீர்களா, பிரித்தாயிற்றா என்று கேட்டாள். துண்டுத்தாள் ஹெப்சிபாவின் மடியிலேயே இருந்தது, தொண்ணூற்று நான்கு, அறுபத்திரண்டு, இருபத்தொன்று என்று. அதைக் கொடுக்கவில்லை.

"பிரிச்சுப் பாத்தேன் மேடம். பிரிச்சா அவுக அதுல இல்ல. நீங்க இதை வரிசையா வாசிக்கணும். ஆனி மாசத்துல புதுசா ஒண்ணும் கிடையாது, அதையும் பாத்துக்கிடுங்க. இந்த இடத்துலருந்து வாசிங்க."

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, எந்தக் காலையில் பால் பொங்கியது, எந்தச் சாயங்காலம் தான் என்ன கேட்டுக் கத்தினோம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள், வெட்கத்தை விட்டுத்தான் சொன்னாள். ஷமீமா வெற்று வரிகளை விரலால் எண்ணினாள். ஐந்து. ஆறாவதில் விரலை வைத்தாள். இதை நான் கண்ணை மூடிக்கிட்டுத் தானா வந்ததுல போட்டிருப்பேன்க்கா என்றாள், ஹெப்சிபாவிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஏற்கெனவே எழுதியிருந்த சீட்டில் ஏதோ ஒரு வரியை அடித்தாள்.

"பலகை இருக்கட்டும். புதன்கிழமையும் வாங்க. இந்தக் கோப்பையும் கொண்டாங்க, இப்படியே."

அருள்சிங்குக்கு இதெல்லாம் எவ்வளவு புரிந்ததோ. அவர் கூடத்தின் நடுவில் மைதானத்தில் நிற்கிறமாதிரி விறைத்து நின்றார், தோற்றுப்போன பிள்ளை பரிசளிப்பு முடிகிறவரை நிற்குமே, அப்படி. ஹெப்சிபா எழுந்து எதிரே போய் நின்றதும் பலகையைப் பார்த்தார். விரல் தம்ளருக்குப் போனது, சோற்றுக்குப் போனது, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் போனது, திரும்ப ஆரம்பத்திலிருந்து வந்தது. அவளுக்கு அதில் படம் இல்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். கழுத்து புடைக்க ஆரம்பித்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கவில்லை. புடைத்த இடத்தில் கையை வைத்தாள், அங்கே சூடாக இருந்தது.

"இயல்பாக நில்லுங்க, அத்தான்."

பலகை இடுப்புக்கு இறங்கியது. இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னதை யாரும் ஒருநாளும் அவருக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது, தோள் இரண்டும் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு கால் சற்றே விலகி, மூச்சு ஒன்று வெளியே வந்தது. வார்த்தை ஒன்றும் வரவில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஹெப்சிபா குனிந்து கோப்பின் கடைசி வரிக்குப் போனாள். இப்போது அதற்கு ஒரு கடைசி இருந்தது. எண்டரை ஒரு தடவை தட்டினாள், அது அவருடையது. அடுத்த வரியில் தான் சொன்னதையும் எழுதினாள், அந்தக் கோப்பில் அவள் பேச்சு ஏறியது அதுதான் முதல் தடவை. சேமித்து மூடியைச் சாத்திவிட்டு, படியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.